கிரீட் தீவில் புதரடியில் கண்ட சிவந்த பூக்கொத்து எந்தச் செடி?

நீங்கள் கண்டது சைட்டினஸ் ரூபர் என்னும் ஒட்டுண்ணிப் பூச்செடி. அது காளான் அன்று. உங்கள் கைபேசிச் செயலி காட்டிய, மால்டாக் காளான் என்று அழைக்கப்படும் இன்னோர் ஒட்டுண்ணிச் செடியும் அன்று. இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் நீங்கள் அனுப்பிய பூவின் படங்கள் மட்டுமல்ல. படத்தின் ஓரத்தில் விழுந்து கிடக்கும் ஓர் இதழும், உங்கள் கேள்வியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியும் பூவைவிட வலுவான சான்றுகள்.

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். ஏப்ரல் நடுவில், கிரேக்க நாட்டின் கிரீட் தீவின் தென்கரையில் பிளாக்கியாஸ் ஊருக்கு மேலேயுள்ள கற்சரிவில் நீங்கள் நடந்திருக்கிறீர்கள். முழங்கால் உயரப் புதர்களைத் தள்ளிக்கொண்டு போகையில் கால்சட்டையில் மணமுள்ள பிசுக்கு ஒட்டியது. ஒரு புதரின் அடியில், காய்ந்த சருகை விலக்கிக்கொண்டு, இலையோ பச்சை நிறமோ சற்றும் இல்லாத, கைப்பிடிக்குள் அடங்கும் சிவந்த கொத்து ஒன்று மண்ணோடு மண்ணாக அமர்ந்திருந்தது. சிவந்த செதில்களுக்கு நடுவே வெள்ளைப் பூக்களும், அவற்றின்மேல் எறும்புகளும் இருந்தன. இது என்ன செடி, அந்தத் தீவுக்கே உரியதா, காளானை ஒத்திருப்பது ஏன் என்று கேட்கிறீர்கள்.

ஒட்டுண்ணிச் செடிகளை இனங்காண்பதில் புதியவர்கள் எல்லோரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். விந்தையான பூவின்மேல் கண்ணைப் பதித்து, அதையே பத்துப் படம் எடுத்துக்கொண்டு, அதற்கு உணவு கொடுக்கும் செடியைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். சாதாரணச் செடியென்றால் இலையின் வடிவம், அடுக்கு, நரம்பு, தண்டின் மயிர் என்று பிடித்துக்கொள்ள எத்தனையோ அடையாளங்கள் கிடைக்கும். முழு ஒட்டுண்ணிக்கு இலை இல்லை, பச்சையம் இல்லை, தனக்கென்று மண்ணில் ஓடும் வேரும் இல்லை. ஆகவே அதன் ஓம்புயிரியை, அதாவது அது உண்ணும் செடியை, அதற்குரிய இலையாகவும் வேராகவும் கருதிப் படிக்க வேண்டும். சைட்டினஸ் விஷயத்தில் இது ஒப்புக்காகச் சொல்வதன்று. அந்தப் பேரினத்தின் மத்தியதரைக் கடற்பகுதிச் செடிகள் சிஸ்டஸ் குடும்பத்துப் புதர்களின் வேர்களிலேயே வாழ்கின்றன. எந்தப் புதர் என்பதைப் பொறுத்தே எந்தச் சைட்டினஸ் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடும்.

இனி உங்கள் கால்சட்டைப் பிசுக்குக்கு வருகிறேன். கிரீட்டின் புதர்க்காடுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் சிஸ்டஸ் கிரெட்டிகஸ் என்னும் புதரின் இலைகளிலும் இளந்தண்டுகளிலும் லாடனம் என்ற நறுமணப் பிசின் சுரக்கிறது. கோடையின் உச்சிவெயிலில் பிசின் இளகியிருக்கும்போது, தோல்வார்கள் வரிசையாகத் தொங்கும் ஒரு கருவியைப் புதர்களின்மேல் அடித்து இழுத்து, வார்களில் ஒட்டியதைப் பின்னர் வழித்தெடுப்பது அத்தீவின் மிகப் பழைய தொழில். வடகரையில் ரெத்திம்னோ வட்டாரத்தைச் சேர்ந்த சிசெஸ் என்னும் ஊரில் இன்றும் அது நடைபெறுகிறது. மேயப் போன ஆடுகளின் தாடியிலும் தொடையிலும் ஒட்டிக்கொள்ளும் பிசினைச் சீவி எடுப்பது பற்றி முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆடுகளுக்கு நேர்ந்ததே உங்கள் கால்சட்டைக்கும் நேர்ந்திருக்கிறது. ஏப்ரலில் பிசின் அவ்வளவாக இளகியிராது. ஆயினும் இளந்தளிரை உரசிச் சென்றால் ஒட்டும்.

இரண்டாவது சான்று உங்கள் மூன்றாம் படத்தின் இடப்பக்கக் கீழ்மூலையில், சருகின்மேல் கிடக்கும் இளஞ்சிவப்பு இதழ். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பெட்டியில் அமுக்கி வைத்திருந்த பட்டுத்துணியை விரித்தாற்போல அதில் சுருக்கங்கள் தெரிகின்றன. சிஸ்டஸ் பூவின் ஐந்து இதழ்களும் மொட்டுக்குள் கசங்கி மடிந்திருந்து காலையில் விரியும். விரிந்தபின்னும் அந்தச் சுருக்கம் நீங்குவதில்லை. பிற்பகலுக்குள் அவை உதிர்ந்துவிடும். எனவே அந்த இதழ் அன்று காலை பூத்த பூவினுடையது. அதன் நிறம் அந்தப் புதரின் நிறம். வெள்ளைச் சிஸ்டஸ் அன்று, இளஞ்சிவப்புச் சிஸ்டஸ்.

இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கிரீட்டில் இரண்டு சைட்டினஸ் இனங்கள் உள்ளன. சைட்டினஸ் ஹைப்போசிஸ்டிஸ் என்பது வெள்ளைப் பூப் பூக்கும் சிஸ்டஸ்களின் வேரில் வளர்வது. அதன் பூக்கள் நல்ல மஞ்சள். சைட்டினஸ் ரூபர் என்பது இளஞ்சிவப்புப் பூப் பூக்கும் சிஸ்டஸ்களின் வேரில் வளர்வது. அதன் பூக்கள் தந்தவெள்ளை அல்லது மிக வெளிறிய இளஞ்சிவப்பு. பூவைச் சுற்றியுள்ள பூவடிச் செதில்கள் அடர்ந்த குங்குமச் சிவப்பு. இங்கே ஒரு சிக்கல் உண்டு. செதிலின் நிறத்தை மட்டும் பார்த்துச் சிவப்பு என்றால் ரூபர் என்று முடிவு கட்டக் கூடாது. ஹைப்போசிஸ்டிஸின் செதில்களும், முக்கியமாக மொட்டாக இருக்கும் பருவத்தில், ஆரஞ்சிலிருந்து நல்ல சிவப்பு வரை போகும். மொட்டு நிலையில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு பெயர் சொல்லத் துணிந்தவர்கள் பலமுறை தவறியிருக்கிறார்கள். செதிலுக்கு உள்ளேயிருக்கும் பூவைப் பாருங்கள். அதில் மஞ்சள் இருந்தால் ஹைப்போசிஸ்டிஸ். வெள்ளையோ மிக வெளிறிய இளஞ்சிவப்போ இருந்தால் ரூபர். உங்கள் படத்தில் நான்கு மடல்களாக விரிந்த வெள்ளைப் பூக்கள் ஐந்தாறு தெளிவாகத் தெரிகின்றன. பூவின் நிறமும் புதரின் நிறமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதால் ஐயத்துக்கு இடமில்லை.

புதரைப் பார்க்கும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கிரீட்டின் சரிவுகளில் பல சிஸ்டஸ்கள் ஒன்றோடொன்று கலந்து நிற்கும்; ஒன்றின் வேர் மற்றதன் நிழல்வரை ஓடும். ஆகையால் பூக்கொத்துக்கு நேர்மேலே நிற்கும் புதரே ஓம்புயிரி என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு முழம் தள்ளி நிற்பதாகவும் இருக்கலாம். சுற்றிலும் நிற்கும் எல்லாப் புதர்களின் இலையையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. சிஸ்டஸ் கிரெட்டிகஸின் இலை சாம்பல் பூத்த பச்சையாய், ஓரம் அலையலையாய் நெளிந்திருக்கும். சிஸ்டஸ் பார்விஃப்ளோரஸ் என்பதும் இளஞ்சிவப்புப் பூவுடையதே, பூ சிறியது, பூவின் நடுவே சூல்தண்டு இருப்பதே தெரியாமல் சூல்முடி சூற்பையின்மேல் நேராக அமர்ந்திருக்கும். வெள்ளைப் பூக்களில் சிஸ்டஸ் சால்விஃபோலியஸின் இலை முட்டை வடிவில் சொரசொரப்பாக இருக்கும். சிஸ்டஸ் மான்ஸ்பிலியென்சிஸின் இலை குறுகி நீண்டு, கரும்பச்சையாகப் பிசுபிசுக்கும். பூ உதிர்ந்த பிற்பகலிலும் இலையை வைத்தே இவற்றைப் பிரித்துவிடலாம்.

செயலி காட்டிய மால்டாக் காளானின் தாவரவியல் பெயர் சைனோமோரியம் காக்சினியம். அதுவும் சிவந்தது, இலையற்றது, மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் முழு ஒட்டுண்ணி; குழப்பம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் வடிவம் முற்றிலும் வேறு. அது ஒரு சாண் உயரம் நிற்கும் கருஞ்சிவப்புக் குட்டி உலக்கை போன்றது. அதன் மேற்பரப்பு முழுவதும் நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள் நெருக்கமாக அப்பியிருக்கும். தனித்தனிப் பூவாக எண்ணிப் பார்க்க வெறுங்கண்ணுக்கு எட்டாது. அது தேடுவது கடலோர உவர்மண் புதர்களின் வேரை. மால்டாவின் கோசோத் தீவுக்கு அருகே டுவேரா விரிகுடாவில் தனித்து நிற்கும் ஒரு பாறையில் அது வளர்ந்ததால் அந்தப் பாறைக்கே காளான் பாறை என்ற பெயர் வந்தது. குருதிப்போக்கை நிறுத்தும் அரிய மருந்து என்று நம்பி, மால்டாவை ஆண்ட புனித யோவான் வீரத்துறவிகள் 1746-இல் பாறைக்குச் செல்வதைத் தடைசெய்து காவலும் போட்டார்கள். செடியின் நிறம் சிவப்பானதால் அது குருதிக்கு மருந்தாகும் என்ற பழைய எண்ணம் அந்த நம்பிக்கைக்குத் துணைசெய்தது. கதை பெரிதாக இருப்பதால் அந்தச் செடி எங்கும் புகழ்பெற்றுவிட்டது. சிவந்த ஒட்டுண்ணி எதைக் கண்டாலும் அந்தப் பெயரே முதலில் நினைவுக்கு வருகிறது. உங்கள் செடியில் செதில்களும் தனித்தனிப் பூக்களும் கொத்தாக, தரையோடு நான்கு முதல் எட்டு செண்டிமீட்டர் உயரத்துக்குள் அமைந்திருக்கின்றன. இந்த ஒன்றே இரண்டையும் பிரித்துவிடும்.

வேரில் ஒட்டி வளரும் இன்னொரு வகையான ஓரோபாங்கிச் செடிகளாக இருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அவற்றின் தண்டு நிமிர்ந்து நீளும். பூக்கள் மேலுதடு, கீழுதடு என்று இரண்டாகப் பிளந்தவை. தமிழ்நாட்டுப் புகையிலைத் தோட்டங்களில் வேரைப் பற்றி எழும் ஓரோபாங்கியை உழவர்கள் புகையிலைக் காளான் என்றே அழைக்கிறார்கள். இலையும் பச்சையும் இல்லாமல் மண்ணைப் பிளந்துகொண்டு திடீரென்று எழுவதைக் காளான் என்று சொல்வது மால்டாவிலும் நம்மூரிலும் ஒருபோல நடந்திருக்கிறது. நீங்களும் முதலில் காளான் என்று நினைத்தது இயல்பே.

அந்தத் தோற்றத்துக்குக் காரணம் வாழ்முறை ஒற்றுமை. காளானின் உடல் மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ இழை இழையாகப் பரவியிருக்க, நாம் காண்பது இனப்பெருக்கத்துக்காக வெளியே வரும் பகுதியை மட்டுமே. சைட்டினஸும் அப்படியே வாழ்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அதற்கு வெளியுடல் என்பதே கிடையாது. சிஸ்டஸின் வேருக்குள், உணவும் நீரும் செல்லும் திசுக்களுக்கு இடையே, உயிரணுக்களின் மெல்லிய இழைகளாக அது ஊடுருவிக் கிடக்கிறது. மார்ச் முதல் ஜூன் வரையான பருவத்தில் வேரின் பட்டையைப் பிளந்துகொண்டு மொட்டுகளை மட்டும் வெளியே தள்ளுகிறது. பூத்துக் காய்த்தபின் வெளிப்பகுதி கருகிப்போகும். உள்ளே இருப்பது அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். எனவே நீங்கள் கண்ட அதே புதரின் அடியில் வரும் ஆண்டும் தேடிப் பாருங்கள். கிடைப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டாம். தோண்டினால் ஒட்டியிருக்கும் இடத்தில் ஒரு வீக்கத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது; புதரின் வேரோடு ஒட்டுண்ணியும் போய்விடும்.

எறும்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மகிழ்ச்சியோடு படித்தேன். பலர் அவற்றை ஊதித் தள்ளிவிட்டுப் படம் எடுப்பார்கள். ஒரு கொத்தில் ஓரத்துப் பூக்கள் பெண், நடுவிலுள்ளவை ஆண். உருப்பெருக்கி வில்லை ஒன்று கையிலிருந்தால் இரண்டையும் நொடியில் பிரிக்கலாம்: பெண்பூவின் நடுவே வரிப்பள்ளங்கள் ஓடும், ஈரப்பசை மினுங்கும் உருண்டைச் சூல்முடி இருக்கும்; ஆண்பூவின் நடுவே மகரந்தப்பைகள் ஒன்றுசேர்ந்து ஒரு குட்டைத் தூணாகி, மகரந்தத் தூள் அப்பியிருக்கும். தேன் அடியில் இருக்கிறது; இதழ்க்குழாய்க்கும் நடுத்தூணுக்கும் இடையே தடுப்புகளால் பிரிந்த சிறு அறைகளில் அது தேங்கும். அதை எட்ட வேண்டுமானால் எறும்பு பூவுக்குள் தலையையும் மார்பையும் நுழைத்தே ஆக வேண்டும். நுழையும்போது தூணோ சூல்முடியோ அதன் உடலில் உரசும்.

பொதுவாகப் பூந்தேனுக்கு வரும் எறும்பைத் தாவரவியலார் திருடன் என்றே மதிப்பார்கள். நடந்து திரிவதால் அது அதிகத் தொலைவு போவதில்லை. மேலும் அதன் உடலில் சுரக்கும் கிருமிக்கொல்லிச் சுரப்புகள் மகரந்தத்தின் உயிர்ப்பைக் கெடுப்பவை. சைட்டினஸ் இந்தப் பொதுவிதிக்கு விலக்கு. தென்ஸ்பெயினில் சைட்டினஸ் ஹைப்போசிஸ்டிஸ் மீது நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தச் செடிக்கு எறும்புகளே முதன்மையான மகரந்தச் சேர்ப்பாளர்கள் என்று காட்டியது. 2014-இல் வந்த தொடர் ஆய்வு, எறும்பை அழைப்பது பூவின் மணமே என்று நிறுவியது. அந்த மணத்தில் உள்ள சேர்மங்களுள் ஒன்று சின்னமால்டிஹைடு, அதாவது நம் சமையலறைப் பட்டைக்கு மணம் தரும் அதே பொருள். மண்ணோடு மண்ணாகச் சருகுக்குள் பூக்கும் ஒரு செடிக்கு, மண்ணிலேயே அலையும் உயிரைத் துணைக்கு அழைப்பதைவிடப் பொருத்தமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விதை பரப்புவதிலும் அதே தரைவாழ் உயிர்களின் உதவிதான்: சதைப்பற்றுள்ள பழத்தில் தூள்போன்ற எண்ணற்ற விதைகள் பசையில் பொதிந்திருக்கும், ஸ்பெயினில் கருவண்டு இனம் ஒன்று பழத்தைத் தின்று, விதைகளைக் கேடில்லாமல் எச்சத்தோடு வெளியேற்றுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு குறிப்பு உதவும். பழைய கையேடுகளில் தேடினால் சைட்டினஸ் ரூபர் என்ற பெயர் சிலவற்றில் கிடைக்காது. அதை ஹைப்போசிஸ்டிஸின் துணையினமாக வைத்திருப்பார்கள். ஹைப்போசிஸ்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சிஸ்டஸின் அடியில் இருப்பது என்று பொருள். முன்னர் சொன்ன டயாஸ்கொரிடஸ் இந்தச் செடியையும் அந்தப் பெயரிலேயே குறிப்பிட்டு, அதன் பிழிந்து உலர்த்திய சாறு துவர்ப்பு மருந்தாகப் பயன்பட்டதை எழுதியிருக்கிறார். துவர்ப்புக்குக் காரணம் செடியில் நிறைந்துள்ள டானின்கள். சைட்டினஸ் என்ற சொல் மாதுளம்பூவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உங்கள் முதல் படத்தில் செதில் விரியாத சிவந்த மொட்டைப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் புரியும்.

குடும்பத்தைப் பற்றிப் பழைய நூல்கள் சொல்வதை நம்ப வேண்டாம். உலகின் மிகப்பெரிய பூவான ரஃப்லீசியாவும் ஓம்புயிரிக்குள் இழையாக வாழ்ந்து பூவை மட்டும் வெளியே காட்டுவது என்பதால், சைட்டினஸை அதனோடு ஒரே குடும்பத்தில் நெடுங்காலம் சேர்த்துவைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்தபின் அந்த உறவு வெறும் தோற்றம் என்று தெரிந்தது. சைட்டினஸ் இப்போது தனிக்குடும்பமாக, பருத்தியும் செம்பருத்தியும் வெண்டையும் சேர்ந்த மால்வேல்ஸ் துறையில் இருக்கிறது. அதற்கு மிக நெருங்கிய உறவு எது தெரியுமா? 2007-இல் வெளிவந்த மரபணு ஒப்பீட்டின்படி, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் ஊர்த் தெருக்களில் நிழலுக்கு நிற்கும், பிள்ளைகள் சிவந்த பழத்தைப் பறித்துத் தின்னும் தேன்பழ மரத்தின் குடும்பம். சிஸ்டஸும் அதே மால்வேல்ஸ் துறையைச் சேர்ந்தது என்பது இன்னொரு வியப்பு: உண்பதும் உணவாவதும் தூரத்துப் பங்காளிகள்.

தீவுக்கே உரியதா என்ற உங்கள் கேள்விக்கு இரண்டாகப் பிரித்துத்தான் பதில் சொல்ல முடியும். அது கிரீட்டின் இயல்செடி. எங்கிருந்தோ மனிதர் கொண்டுவந்து நட்டதன்று. ஆனால் கிரீட்டில் மட்டும் வாழும் ஓரிடவாழ்வி அன்று. கிரீட்டின் இயல்செடிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று உலகில் வேறெங்கும் இல்லாதவை என்பதால், அங்கே காணும் விந்தைச் செடி ஒவ்வொன்றையும் ஓரிடவாழ்வி என்று எண்ணுவது எளிது. சைட்டினஸ் ரூபரைச் சைப்பிரஸிலும் பிற மத்தியதரைக் கடற்கரை நாடுகளிலும், இளஞ்சிவப்புச் சிஸ்டஸ் உள்ள இடங்களில் காணலாம். கிரீட்டுக்கே உரிய ஒட்டுண்ணி ஒன்றைக் காண விரும்பினால் கீழே குனிய வேண்டாம், கலாப்ரியப் பைன் மரங்களின் கிளைகளை அண்ணாந்து பாருங்கள்: அங்கே தொற்றி வளரும் புல்லுருவியின் ஒரு துணையினம் 2002-இல்தான் தனியாக விவரிக்கப்பட்டது, கிரெட்டிகம் என்று தீவின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

படங்களை ஏதேனும் தாவரப் பதிவுத் தளத்தில் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். சேர்க்கும்போது மூன்றாம் படத்தை வெட்டிச் சீராக்காமல், அந்த இளஞ்சிவப்பு இதழ் தெரியும்படி முழுதாகவே போடுங்கள். ஓம்புயிரி என்ற இடத்தில் சிஸ்டஸ் கிரெட்டிகஸ் எனக் குறித்து, அருகில் ஒரு கேள்விக்குறியும் இடுங்கள். இலையின் படம் உங்களிடம் இல்லாததால், சிறுபூச் சிஸ்டஸ் பார்விஃப்ளோரஸை அந்த ஓர் இதழைக் கொண்டு முழுவதும் விலக்க முடியாது. சைட்டினஸ் ரூபர் என்ற பெயருக்குக் கேள்விக்குறி தேவையில்லை.